நத்தைகள் கதவு சாத்தும் மாதம்

தோட்டக் கேள்வி - பதில்

சென்ற இதழில் பூசணி அறுவடையைப் பற்றி எழுதும்போது, "மழை விட்ட இரவில் நத்தைகளைப் பாருங்கள், இந்த மாதத்தில் தோட்டத்துக்கு அவைதான் அழகு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியவைதான். எனக்கு மிகுந்த சந்தோசம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் நத்தைக்கே.

*

ரீச்சர், நத்தையில் அப்படி என்ன அழகைக் கண்டீர்கள்? எனக்குப் பார்த்தாலே உடம்பு கூசுகிறது. வெந்தயக் கீரை முளைத்து இரண்டு இலை விட்டது. அடுத்த நாள் காலையில் வெறும் மண்தான் இருந்தது. - வாசகி, ஹரோ

கீரை போன வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், தங்கச்சி. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். முதலில் அழகைப் பார்த்துவிடுவோம்.

இங்கே இங்கிலாந்தில் ஒக்டோபரில் நன்றாக மழை பெய்து விட்ட ஓர் இரவு, எட்டு ஒன்பது மணிக்கு, டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு வாருங்கள். கோடையில் காய்ந்துபோய்ச் சுவர் இடுக்கிலும் வேலிப் பலகையிலும் ஒட்டிக் கிடந்தவை எல்லாம் இறங்கி வந்திருக்கும். மண் ஈரமாக இருக்கிறது, இலைகள் விழுந்து ஊறத் தொடங்கிவிட்டன, எலும்பைக் குத்துகிற குளிர் இன்னும் வரவில்லை. நத்தைக்கு இதைவிட நல்ல காலம் வேறு இல்லை. குளிர் இறுகுவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். சிலதுக்கு மண்ணைத் துளைத்து முட்டை இடுகிற வேலையும் பாக்கி இருக்கும். ஒரு தடவைக்கு எண்பது முட்டை மட்டில், சவ்வரிசி அளவில், வெள்ளையாக.

என் சமையலறையின் பின்கதவு கண்ணாடி. மழை இரவுகளில் அதில் ஒன்றாவது ஏறும். உள்ளே நின்று பார்த்தால் அதன் அடிப்பாதம் முழுவதும் தெரியும். வாலில் இருந்து தலையை நோக்கி மங்கலான பட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். தசை அலை அலையாகச் சுருங்கி விரிவதுதான் அது. கால் இல்லை, உந்தல் இல்லை, ஆனால் உடம்பு முன்னே போய்க்கொண்டிருக்கிறது. நானும் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. தலைப் பக்கத்தில் வாய் திறந்து மூடும். உள்ளே ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட நாக்கு இருக்கிறது. அரம் போலக் கண்ணாடியில் படிந்த பாசியை அது ராவி எடுக்கும். தண்ணீர்ப் பீப்பாயின் பச்சைப் படிவில் காலையில் வளைந்து வளைந்து ஒரு கோலம் தெரிந்தால் அது இந்த நாக்கின் வேலை.

பெரிய கொம்புகள் இரண்டின் நுனியிலும் கண். அதனால் வெளிச்சத்தையும் இருட்டையும் அறியும், நம்மைப் போல உருவம் பார்க்காது. கீழே இருக்கிற சின்னக் கொம்புகள் மணம் பிடிக்கவும் தொட்டு அறியவும். விரலை அருகே கொண்டு போனால் பெரிய கொம்பு நுனியில் இருந்து உட்பக்கமாகச் சுருண்டு உள்ளே போகும், ஆபத்து இல்லை என்று கண்டதும் மெல்ல மெல்ல வெளியே வரும், கடைசியில் கண் வரும். அப்புறம் ஓட்டின் விளிம்புக்குக் கீழே வலப்பக்கம் பாருங்கள். ஒரு சிறு துளை திறந்து, சற்று நேரம் இருந்து, மூடும். அதுதான் அதன் மூச்சு.

இந்தத் தோட்ட நத்தையின் ஓடும் அப்படித்தான். மண்ணிறத்தில் மஞ்சள் தெளித்த மாதிரி, இடையிடையே அறுந்த கறுப்புப் பட்டைகள், நாலைந்து சுற்று. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சுற்றில் எங்காவது தடித்த வரம்பு ஒன்று தட்டுப்பட்டால், அந்த இடத்தில் அது வளர்வதை நிறுத்தி ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது என்று பொருள். வாய் விளிம்பு வெளிப்பக்கம் வளைந்து வெள்ளையாகத் தடித்திருந்தால் அது வளர்ந்த நத்தை, இனி ஓடு பெருக்காது.

பத்து நிமிடம் குந்தி இருந்து பார்த்துவிட்டு, இன்னும் கூசுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

*

கவிழ்த்து வைத்திருந்த மண் சட்டியை நேற்று நிமிர்த்தினேன். உள்ளே இருபது நத்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. தட்டினாலும் அசைவில்லை. செத்துவிட்டனவா? - வாசகர், லெஸ்டர்

சாகவில்லை. குளிர்கால உறக்கத்துக்கு ஆயத்தமாகிவிட்டன. லெஸ்டர் எங்களைவிட வடக்கே என்பதால் உங்களுக்குக் கொஞ்சம் முந்திவிட்டது போல.

பகல் குறுகி, இரவுக் குளிர் கூடக் கூட, நத்தை தின்பதை நிறுத்தும். குடலைக் காலி செய்யும். பிறகு ஓட்டுக்குள் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலில் சளியைப் பூசும். அது காய்ந்து மெல்லிய சவ்வாகிவிடும். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எண்ணெய்த் தாள் ஒட்டினதுபோல மங்கலாகப் பளபளக்கும். ஈரம் வெளியே போகாது, மூச்சுக்கு வேண்டிய காற்று மட்டும் ஊடுருவும். இதயம் மிக மெதுவாக அடிக்கும். சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே மார்ச் மாதம் வரை கிடக்கும். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில், சரே பக்கம், ரோமன் நத்தை என்று பெரிய இனம் ஒன்று இருக்கிறது. அது சவ்வோடு நிற்காமல் சுண்ணாம்பைச் சேர்த்துக் கெட்டியான மூடியே போட்டுக்கொண்டு மண்ணுக்குள் போய்விடும். 2008 முதல் அதைப் பிடிப்பதும் கொல்வதும் இங்கே சட்டப்படி குற்றம்.

ஏன் கூட்டமாக என்று கேட்டால், ஒரு நத்தை விட்டுப் போன சளித் தடத்தை மற்றது மோப்பம் பிடித்து வரும். நல்ல இடம் என்று ஒன்று கண்டுவிட்டால் வருடா வருடம் அங்கேயே சேரும். எங்கள் வீட்டில் அந்த இடம், பக்கச் சுவரில் இருக்கிற காஸ் மீற்றர் பெட்டியின் பின்புறம். ஐவிக் கொடி மூடி, மழைச்சாரல் படாமல், வடக்குப் பார்த்த மூலை. பழைய ஒட்டுத் தழும்புகள் செங்கல்லில் வெள்ளை வெள்ளை வட்டங்களாக இருக்கின்றன. ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்த வட்டங்களின் மேலேயே புதிதாக வந்து ஒட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, சட்டியை இருந்தபடியே கவிழ்த்து, நிழலான இடத்தில் வைத்துவிடுவது. ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம். சவ்வு கிழிந்தால் மறுபடி செய்துகொள்ளும், ஆனால் அதற்கு ஈரமும் சத்தும் செலவாகும், குளிர்காலத்தில் அதை ஈடுசெய்ய வழி இல்லை.

*

நான் நத்தைகளைப் பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிடுகிறேன். மனைவி அவை திரும்பி வந்துவிடும் என்கிறா. உண்மையா? - வாசகர், இல்ஃபோர்ட்

மனைவி சொல்வதுதான் சரி. இதை ஆராய்ந்து நிரூபித்தவர் டெவனில் வாழ்ந்த ரூத் புரூக்ஸ் என்ற பாட்டியார். 2010இல் பிபிசி ரேடியோ 4 சாதாரண மக்களுக்காக ஒரு விஞ்ஞானப் போட்டி நடத்தியது. உங்களுக்கு விடை வேண்டிய ஒரு கேள்வியைக் கொண்டு வாருங்கள், விஞ்ஞானி ஒருவர் துணை நிற்பார் என்றார்கள். இந்த அம்மா கொண்டு போன கேள்வி, "நத்தையை எவ்வளவு தூரம் கொண்டு போய் விட்டால் என் தோட்டத்துக்குத் திரும்பி வராது?" எக்ஸிற்றர் பல்கலைக்கழகத்தின் டேவ் ஹொட்ஜ்சன் உதவி செய்தார். ஓடுகளில் நகப்பூச்சால் அடையாளம் இட்டு, இடம் மாற்றி விட்டு, எவை வீடு வந்து சேர்கின்றன என்று பார்த்தார்கள். பத்து மீற்றர் தள்ளி விட்டவையும் வந்தன. 20 மீற்றருக்கு மேலே கொண்டு போய் விடுவது நல்லது என்று முடிவு சொன்னார்கள். போட்டியில் அந்த அம்மாவுக்குத்தான் முதலிடம்.

பிறகு அதே பல்கலைக்கழகத்தார் ஓட்டில் பொட்டளவு மின்விளக்கைப் பொருத்தி இரவில் படம் பிடித்தார்கள். மணிக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் போகிறது, ஒரு நாளில் 25 மீற்றர் வரை சுற்றுகிறது, மற்ற நத்தைகளின் தடத்தைப் பாதையாகப் பாவிக்கிறது என்று கண்டார்கள். ஆகவே வேலிக்கு அப்பால் விழுகிற நத்தைக்கு உங்கள் வீடு ஒரு இரவுப் பயணம்.

தூரத்தை விடுங்கள், தம்பி. எறிவதே கூடாது. ஓடு கல்லில் பட்டால் வெடிக்கும், உள்ளே உயிர் இருக்கிறது. அயலவரின் வளவுக்குள் எறிவதும் முறை இல்லை. வேண்டுமென்றால் வாளியில் எடுத்துக்கொண்டு போய்ப் பற்றை உள்ள பூங்கா ஓரத்தில் விடுங்கள். நவம்பருக்குப் பிறகு அதையும் செய்ய வேண்டாம், புது இடத்தில் ஒதுங்க மூலை தேடுவதற்குள் உறைபனி வந்துவிடும்.

*

ரீச்சர், நான் ஆறாம் வகுப்பு. எல்லா நத்தையும் ஒரே பக்கமாகவா சுற்றி இருக்கும்? - ஒரு சிறுவன், குரொய்டன்

நல்ல கேள்வி, ராசா. ஓட்டின் வாய் உன்னைப் பார்க்க, கூரான உச்சி மேலே இருக்கப் பிடித்துப் பார். வாய் வலப்பக்கம் இருக்கும். உங்கள் தோட்டத்தில் எத்தனை எடுத்துப் பார்த்தாலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். மிக மிக அரிதாக ஒன்று இடப்பக்கம் சுருண்டு பிறக்கும்.

அப்படி ஒன்று 2016இல் தென்மேற்கு லண்டனில், ஒருவரின் கொம்போஸ்ட் குவியலில் கிடைத்தது. கண்டவர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு விஞ்ஞானி, அதனால் அதன் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நத்தைகளை ஆராயும் ஆங்கஸ் டேவிசனுக்கு அனுப்பினார். ஜெரமி என்று பெயர் வைத்தார்கள், அப்போது பிரித்தானியத் தொழிற்கட்சித் தலைவராக இருந்த இடதுசாரி ஜெரமி கோர்பினின் பெயர்.

ஜெரமிக்கு ஒரு சிக்கல். தோட்ட நத்தைகளில் ஆண் பெண் என்று தனியாக இல்லை, ஒவ்வொன்றும் இரண்டுந்தான். ஆனாலும் குஞ்சு பொரிக்கத் துணை தேவை. ஓடு மட்டும் அல்ல, ஜெரமியின் உடம்பு முழுவதுமே கண்ணாடியில் பார்த்த மாதிரி பக்கம் மாறி இருந்தது. சாதாரண நத்தைகளோடு சேர முடியவில்லை. டேவிசன் அந்த இலையுதிர் காலத்தில் உலகம் முழுவதற்கும் வேண்டுகோள் விட்டார், உங்கள் தோட்டத்தில் இடப்பக்க நத்தை இருக்கிறதா தேடுங்கள் என்று. எத்தனையோ நாடுகளில் மக்கள் டோர்ச்சோடு இறங்கினார்கள். இப்ஸ்விச்சில் ஒன்று அகப்பட்டது, ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒன்று. இரண்டையும் கொண்டு வந்து ஜெரமியோடு விட்டால், வந்த இரண்டும் தமக்குள் சோடி சேர்ந்துவிட்டன! ஜெரமி தனித்துப் போனது. பிறகு ஒருவழியாக மயோர்க்கா நத்தையோடு சேர்ந்தது. 2017 ஒக்டோபரில் ஜெரமி இறப்பதற்கு முன்னால் அதன் குஞ்சுகளும் உலகத்துக்கு வந்துவிட்டன. எல்லாக் குஞ்சும் வலப்பக்கச் சுருள்.

2020இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. இந்த இன நத்தைகளில் இடச் சுருள் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, கரு வளரும்போது தற்செயலாக நேர்வது என்று எழுதினார்கள். அதைக் கண்டுபிடிக்கக் காரணம் அந்தக் கொம்போஸ்ட் குவியல் நத்தைதான்.

அம்மாவிடம் கேட்டுப் பார், வீட்டுச் சாமியறையில் அல்லது கோயிலில் வலம்புரிச் சங்கு பார்த்திருப்பா. சங்கும் ஒரு கடல் நத்தையின் ஓடு. மன்னார்க் கடலில் சங்கு குளிப்பவர்கள் எடுக்கிற சங்கெல்லாம் உன் தோட்டத்து நத்தை சுருள்கிற பக்கமே சுருண்டிருக்கும். எப்போதாவது ஒன்று எதிராகச் சுருண்டு வரும், அதுதான் வலம்புரி (சங்கை உச்சி கீழே இருக்கப் பிடித்துப் பார்ப்பதால் அந்தப் பெயர்). அதற்குத்தான் அத்தனை மதிப்பு, பூசை எல்லாம். ஜெரமியும் அந்த மாதிரி ஒன்று, கடலுக்குப் பதிலாகக் கொம்போஸ்டில் பிறந்தது. நீயும் தேடு, ராசா. உனக்கும் கிடைக்கலாம்.

*

கீரையைக் காப்பாற்ற நீல நிற நத்தைக் குருணை போடலாமா? முட்டைக் கோது தூவினால் போதுமா? - வாசகி, ஸ்லவ்

மெற்றால்டிஹைட் என்ற நத்தை நஞ்சு சேர்ந்த பழைய குருணையைப் பிரித்தானியாவில் 2022 வசந்தத்தோடு தடை செய்துவிட்டார்கள். பறவையும் முள்ளெலியும் அதனால் பாதிக்கப்பட்டதுதான் காரணம். கொட்டிலில் பழைய பெட்டி இருந்தால் குப்பையில் போடாமல் உங்கள் கவுன்சிலின் கழிவு நிலையத்தில் கொடுங்கள். இரும்புப் பொஸ்பேற் குருணை இன்னும் விற்கிறார்கள், நான் வாங்குவதில்லை.

முட்டைக் கோது, சரளை, செப்பு நாடா எதுவும் பிரயோசனம் இல்லை. அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் கீரைச் செடிகளைச் சுற்றி இவற்றைப் போட்டுச் சோதித்துப் பார்த்தது. போட்ட செடியும் போடாத செடியும் ஒரே அளவில்தான் கடிபட்டன. அதே சங்கம் 2022இல், நத்தையையும் ஓடில்லா நத்தையையும் இனிப் பீடை என்று எழுதப் போவதில்லை என்று அறிவித்தது. இந்த நாட்டில் இருக்கும் 44 வகை ஓடில்லா நத்தைகளில் சுமார் ஒன்பதுதான் தோட்டச் செடியைத் தின்கின்றன. மற்றவை பெரும்பாலும் அழுகிய இலையைத் தின்று மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

ஆகவே வெந்தயத்தை உள்ளே ஜன்னலோரம் தட்டில் முளைக்க வைத்து, நாலு விரல் உயரம் வந்ததும் வெளியே வையுங்கள். தடித்த தண்டை நத்தை அவ்வளவாக விரும்பாது. விழுந்த இலையை எல்லாம் கூட்டி அள்ளாமல் வேலி ஓரத்தில் ஒரு குவியலாக விடுங்கள். தின்ன அங்கே நிறைய இருந்தால் உங்கள் தட்டுப் பக்கம் வருவது குறையும்.

*

தஞ்சாவூர்ப் பக்கம் மூலத்துக்கு நத்தைக் கறி சாப்பிடுவார்கள். இந்த நத்தையைச் சமைக்கலாமா? - வாசகர், ஈஸ்ட் ஹாம்

அங்கே வயலிலும் வாய்க்காலிலும் பொறுக்குவது நன்னீர் நத்தை, இது வேறு இனம். பிரெஞ்சுக்காரர் 'பெத்தி கிரி' என்று தட்டில் வைப்பது அசல் இந்தத் தோட்ட நத்தைதான், அது உண்மை. ஆனால் உங்கள் வளவு நத்தை யார் வீட்டு மருந்தைத் தின்றதோ தெரியாது. வேண்டாம்.

*

நத்தையைத் தொட்டால் நோய் வருமா? வீட்டில் நாயும் சின்னப் பிள்ளையும் இருக்கிறார்கள். ஊரில் மழைக்கு வருகிற பெரிய நத்தையும் இதுதானா? - வாசகி, மில்ற்றன் கீன்ஸ்

நாய்க்குத்தான் கவனம் தேவை. இங்கே நத்தைகளில் நாயின் நுரையீரலைத் தாக்கும் ஒரு புழு இருக்கலாம். நாய் நத்தையைக் கடித்து விழுங்கினால் தொற்றும். மிருக வைத்தியரிடம் சொன்னால் அதற்கு மாதாந்த மருந்து தருவார். இரவில் விளையாட்டுப் பொருளையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் வெளியே விடாதீர்கள். பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும், பிறகு சோப் போட்டுக் கை கழுவினால் சரி.

ஊரில் உள்ளது ஆபிரிக்க இராட்சத நத்தை, முற்றிலும் வேறு. 1847இல் வில்லியம் பென்சன் என்பவர் மொரீசியசில் இருந்து கொண்டு வந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். இலங்கைக்கு 1900ஆம் ஆண்டளவில் வந்தது. அது பயிரை நாசமாக்குவதும் உண்மை, மனித மூளையைத் தாக்கக்கூடிய புழுவைக் காவுவதும் உண்மை. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை வெறுங்கையால் அதைத் தொட விடாதீர்கள். அந்தப் பயத்தை இங்கே உள்ள சின்ன மண்ணிற நத்தையின் மேல் ஏற்றாதீர்கள்.

*

கொல்லையில் ஒரு தட்டைக் கல். அதைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள், நிறைய. மஞ்சளும் கோடு போட்டதும். யார் செய்கிற வேலை? - வாசகர், ஒக்ஸ்போர்ட்

நீங்கள் கொடுத்து வைத்தவர். மார்பில் புள்ளி போட்ட மண்ணிறக் குருவி, சோங் த்ரஷ் என்பார்கள், அதன் வேலை. நத்தையின் வாய் விளிம்பை அலகால் பிடித்துக் கல்லில் அடித்து உடைக்கும். ஒரே கல்லைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும். இலையுதிர் காலத்தில் காலை நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் டொக் டொக் என்று கேட்கும்.

உங்கள் ஊரிலேயே இதை வைத்துப் பெரிய ஆராய்ச்சி நடந்தது. 1950களில் ஒக்ஸ்போர்டில் கெய்ன், ஷெப்பர்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த மஞ்சள் கோட்டு நத்தைகளை எடுத்துக்கொண்டார்கள். இவை சிறியவை, மஞ்சள், இளஞ்சிவப்பு, மண்ணிறம் என்று பல நிறம், கோடு ஒன்றுமில்லாமலும் இருக்கும், ஐந்து வரையும் இருக்கும். கல்லருகே உடைந்து கிடந்த ஓடுகளையும் சுற்றியுள்ள உயிருள்ள நத்தைகளையும் எண்ணி ஒப்பிட்டார்கள். சருகு மூடிய காட்டுத் தரையில் கோடில்லாத கருநிறங்கள் அதிகம், புல்லும் வேலியும் உள்ள இடத்தில் மஞ்சளும் கோடும் அதிகம். பின்னணியோடு ஒத்துப் போகாததைக் குருவி முதலில் கண்டு பிடித்துத் தின்றுவிடுகிறது. இயற்கைத் தேர்வு கண் முன்னால் நடப்பதற்கு இது பாடப் புத்தக உதாரணம் ஆனது. டார்வின் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 2009இல் ஐரோப்பா முழுவதும் பொதுமக்களைக் கொண்டு இதே நத்தைகளை மறுபடி எண்ணினார்கள்.

நீங்களும் எண்ணுங்கள். கல்லருகே உடைந்தவை ஒரு பக்கம், வேலியோரம் உயிரோடு இருப்பவை ஒரு பக்கம். நிறம், கோடு எத்தனை என்று இரண்டு பத்தியாக எழுதி அனுப்புங்கள். மற்ற வாசகர்களும், அந்தக் குரொய்டன் பையனும் அனுப்பலாம். நவம்பர் கடைசி வாரத்துக்குள் வந்தால் மார்கழி இதழில் எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போடுகிறேன்.